மூலச்சூடும் மொட்டைமாடி வெயிலும்

திருவனந்தபுரத்தில் சாலை என்று பேர்பெற்ற கடைத்தெருவில் இருக்கும் ஆறுமுகநயினார் ஜவுளிக்கடைக்கு வெயில் என்றால் ஜென்மப்பகை. முகப்பில் தார்ப்பாய், அதற்குள்ளே ஒரு படுதா, அதற்கும் உள்ளே கறுப்புத்தாள் ஒட்டிய கண்ணாடிக் கதவு. வெயில் பட்டால் சரக்கு நரைத்துப்போகும் என்பது நயினாருடைய அப்பா காலத்திலிருந்தே அங்கே வேதவாக்கு. ரயில்பெட்டி மாதிரி நீண்டு உள்ளே போகும் கடையில் நட்டநடு மத்தியானத்திலும் குழல்விளக்குதான் எரியும். அந்த விளக்குக்குக் கீழே, வெள்ளை விரிப்புப் போட்ட மேடையில் சம்மணம் கூட்டி உட்கார்ந்து, முத்தாரம்மாள் வருஷக்கணக்காகச் சேலை விரித்துக்கொண்டிருந்தாள்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் பறக்கைதான் அவள் பிறந்த ஊர். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். புருஷன் பூதலிங்கம் அதே சாலையில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் எடை போடுகிறவர். கிள்ளிப்பாலத்துப் பக்கம் ஒரு சந்தில் வாடகை வீடு. பிள்ளைகுட்டி இல்லை. அதைப் பற்றி விசாரிக்க வந்தவர்களை எல்லாம் அவள் வாசலோடு அனுப்பிவிட்டதால் இப்போது யாரும் விசாரிப்பதில்லை.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வந்தவள் செருப்பைக் கழற்றுகிற தினுசிலேயே வாங்க வந்தவளா, சும்மா பொழுதுபோக்க வந்தவளா என்று கண்டுபிடித்துவிடுவாள். மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில் பதில், தமிழில் கேட்டால் தமிழில். பேரம் பேசுகிறவர்களுக்கு மட்டும் இரண்டையும் கலந்து கொடுத்து மூச்சுமுட்ட வைப்பாள். அந்த வெள்ளை விரிப்பு அவளுடைய ராஜ்யம். வீட்டில் அவள் பூதலிங்கத்தின் பெண்டாட்டி, ஊரில் இன்னாருடைய மகள். இங்கே மட்டும்தான் அவள் முத்தாரம்மாள். 'முத்தாரம்மா உண்டோ' என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் இருந்தார்கள்.

கடையில் பெண்கள் பத்துப்பேருக்குக் குறையாது. கழிப்பிடம் ஒன்றே ஒன்று, அதுவும் மொட்டைமாடியில். மாடிக்கதவுக்குப் பூட்டு. சாவி, மேற்பார்வை வன்னியபெருமாளுடைய சட்டைப்பையில். மாடிப்படியை ஒட்டிச் சரக்கு அறை இருப்பதால், பூட்டு இல்லாவிட்டால் பெண்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை சாவி கிடைக்கும். வலியவன் வெட்டியதே வாய்க்கால். அந்தச் சாவியைக் கேட்பதற்கும் ஒரு மரியாதை இருந்தது. துணி எடுக்க வந்தவர்கள் காதில் கக்கூஸ் என்ற சொல் விழக்கூடாது. "பார்டர் பாத்துட்டு வாறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஏதோ மாடியில் இருக்கும் சேலைக்கரையைச் சரிபார்க்கப் போகிற மாதிரி. ஒரு தடவை ஆற்றிங்கலிலிருந்து வந்த ஓர் அம்மாள், மேலே உள்ள அந்த பார்டரையும் கொண்டுவந்து காட்டினால்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைப்பெண்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம், மழைக்காலம். பார்டர் பார்க்கப் போன முத்தாரம்மாள் ரத்தத்தைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். பூதலிங்கம் பயப்படவே இல்லை. "மூலச்சூடுட்டி இது. எனக்க அப்பாவுக்கும் உண்டும். நாள் பூரா ஒரே இருப்பு இருக்கேல்லா, சூடு கீழ எறங்கும்," என்றார். மறுநாளே ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். வைத்தியர் நாடி பிடித்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், சூடுதான் என்றார்.

நம் ஆட்களுக்குச் சூடு என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் கேள்வியே கிடையாது. கண் எரிந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, கோபம் வந்தால் சூடு. பேர் தெரியாத எல்லாச் சங்கடத்துக்கும் அது ஒரு பொதுப்பேர். வைத்தியர் போட்ட பத்தியமும் அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரிதான் இருந்தது. வெயில் மேலே படவே கூடாது. சாளை மீன் கூடாது, முட்டை கூடாது, இரண்டும் சூடு. முழுக்கை ரவிக்கை போட வேண்டும். மோர், இளநீர், வெந்தயம்.

பூதலிங்கம் அந்தப் பத்தியத்தைத் தானே விரதம் எடுத்த மாதிரி காத்தார். மனுஷனுக்குப் பெண்டாட்டி என்றால் உயிர். ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக்குடை ஒன்று வாங்கி, தினமும் காலையில் அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு கடைவாசல் வரைக்கும் கொண்டுவிட்டுத் தன் கடைக்குப் போவார். எதிர்வரிசைப் பாத்திரக்கடைக்காரர்கள் "சாமி ஆறாட்டுக்கு எழுந்தருளுது, வழி விடுங்க" என்று கேலி செய்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாளை என்றால் உயிரை விடுகிற முத்தாரம்மாளும் நாக்கைக் கட்டிக்கொண்டாள். இப்படி நாலு வருஷத்துக்கு மேல் போனது.

ரத்தம் நிற்கவில்லை. சில மாதம் அடங்கும், அப்பாடா என்று இருக்கும்போது திரும்ப ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வயிறு முறுக்கும், சாவியோ இரண்டு தடவைதான் கிடைக்கும். அதனால் அவள் காலையில் சாப்பிடுவதை விட்டாள். பிறகு தண்ணீர் குடிப்பதையும் விட்டாள். வயிறு முறுக்கும்போது சேலையை மடிக்கிற சாக்கில் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நிமிரும்போது முகத்தில் சிரிப்பை ஏற்றிக்கொண்டு நிமிர்வாள். சில நாள் வாய்விட்டுக் கெஞ்சி மூன்றாவது தடவை சாவி வாங்குவாள். "உனக்கு மட்டும் அப்படி என்னம்மா மேல அத்தன பார்டரு?" என்று வன்னியபெருமாள் எல்லோர் முன்னாலும் கேட்பார். அந்த ஆளை அவள் மனசுக்குள் திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பிறகு எலும்பு வலி வந்தது. முதலில் இடுப்பு, அப்புறம் கணுக்காலுக்கு மேலே, அப்புறம் விலா. நடை மாறி, தாராக்கோழி என்கிற வாத்து மாதிரி இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்தாள். மாடிப்படி ஏற முழங்காலில் கையை ஊன்ற வேண்டியிருந்தது. இதற்கும் பூதலிங்கம் சூடுதான் காரணம் என்றார். சூடு எலும்பில் ஏறிவிட்டதாம்.

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு நாள், ஆனி மாதம். கடை சாத்துகிற நேரத்தில் எல்லோரும் எழுந்தார்கள், முத்தாரம்மாளால் எழுந்திருக்க முடியவில்லை. தொடையில் பலமே இல்லை. இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து மேடையில் சுரிதார் துணி காட்டுகிற அனுஷாவும் இன்னொருத்தியும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அனுஷா களியக்காவிளைப் பெண், சின்னவள், வாய் திறக்கப் பயப்படுகிறவள். அவளே அன்று வாய் திறந்தாள். "அக்கா, சூடுன்னு சொல்லிச் சொல்லிச் செத்துப்போவீங்க. ஓமனா டாக்டரைப் போய்க் காணுங்க. எங்க சித்திக்கு அவங்கதான் பாத்தாங்க."

டாக்டர் ஓமனா அதிகம் பேசாத மனுஷி. குழாய் விட்டுப் பார்த்தார், படம் எடுத்தார், ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரில் உட்கார வைத்து, தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்.

"இது மூலக்குரு அல்ல, கேட்டோ. பெருங்குடல்ல புண்ணு. வீட்டைக் காக்க வளர்த்த நாய் வீட்டுக்காரனையே கடிக்குது இல்லே, அதுபோல. உடம்புக்குக் காவல் நிக்குற சக்தி குடலையே கடிக்குது. எதனாலன்னு சரியா ஆருக்கும் தெரியாது. பூரணமா மாறும்னு சொல்லமாட்டேன். மருந்து நிறுத்தாம சாப்பிட்டா அடக்கி வைக்கலாம்."

முத்தாரம்மாள் தலையாட்டினாள். நாலு வருஷமாகத் தெரியாத பேர் தெரிந்ததே அவளுக்குப் பாதி ஆறுதல்.

"அப்ப எலும்பு, டாக்டர்?"

ஓமனா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பெலும்பில் முடியளவுக்கு ஒரு கீறல். "எலும்பு மெத்துன்னு ஆகிப்போச்சு. வைட்டமின் டி ரொம்பக் குறைவு. இந்தக் குடல் நோய் உள்ளவங்களுக்கு அது குறையறது சாதாரணம்தான். ஆனா இத்தன குறைவா?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "நீ வெயில் கொள்ளாறே இல்லையா? ராத்திரி ஜோலியா?"

"பகல்தான் டாக்டர். வெயிலே படக்கூடாதுன்னு..." என்று முத்தாரம்மாள் ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

"மீனு? முட்டை?"

பூதலிங்கம் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஓமனா மாத்திரை எழுதினார், வாரம் ஒரு தடவை பாலில் கலக்கிக் குடிக்க ஒரு பொடியும் எழுதினார். "மீன் கூட்டலாம், முட்டையும் தின்னலாம். உச்சிவேளைக்கு அரைமணி நேரம் வெயில் கொள்ளணும், கையும் முகமும் திறந்திருக்கணும். காலைல ஏழு மணி வெயில் போதாது. திருவனந்தபுரத்துல இருந்துட்டு வெயிலுக்கு நான் சீட்டு எழுத வேண்டியிருக்கு," என்றார். வயிறு முறுக்கினால் அடக்கக்கூடாது, தண்ணீர் குடிக்காமல் இருக்கக்கூடாது என்பதையும் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு பிடித்த கதைதான். வீட்டுக்கு வந்து பூதலிங்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "குடை பிடிச்சே உன்னக் கொல்லப் பாத்தேனேட்டி," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

முத்தாரம்மாளுக்கும் அழுகை வந்தது. அதைவிடப் பசி அதிகமாக இருந்தது. "அழுதது போதும். இஞ்ச பாருங்க, சந்தைக்குப் போயி சாளை வாங்கிட்டு வாங்க. நல்ல புதுசா, கண்ணு தெளிஞ்சதா பாத்து வாங்கணும்," என்றாள். அன்று குடம்புளி போட்டு வைத்த குழம்பில் சட்டியை வழித்தாள்.

மீனுக்கு வழி பிறந்தது. வெயிலுக்கு? அவர்கள் சந்தில் இரண்டு பக்கமும் மதில், மேலே அடுத்த வீட்டுப் பலாமரம். உச்சிவேளையிலும் தரையில் ஒரு பொட்டு வெயில் விழாது. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள் உச்சிவேளையில் அவள் கடைக்குள் இருக்கிறாள். கடையில் வெயில் இருப்பது மொட்டைமாடியில் மட்டும்தான். கக்கூஸ் இருப்பதும் அங்கேதான். அவளுடைய இரண்டு மருந்தும் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தன, அந்தக் கதவின் சாவி வன்னியபெருமாள் சட்டைப்பையில்.

சுற்றி வளைக்காமல் முதலாளியிடமே போனாள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, நோயின் பேரைச் சொல்லி, வேண்டியபோதெல்லாம் சாவியும் மத்தியானம் அரைமணி நேரம் மாடியும் வேண்டும், அந்த அரைமணியைச் சாயங்காலம் கூட இருந்து ஈடுகட்டிவிடுகிறேன் என்றாள்.

நயினார் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவனிடம் சண்டை போடலாம். இவர் இரக்கப்பட்டார். "அடப் பாவமே," என்றார். "இத்தன சீக்க வச்சுக்கிட்டு நீ எதுக்கு இங்கன வந்து கஷ்டப்படணும்? ஓணம் முடியட்டும். பொறவு வீட்ல ரெஸ்ட் எடு. உன் வீட்டுக்காரர்தான் சம்பாதிக்காருல்லா."

"எனக்கு ரெஸ்ட் வேண்டாம் முதலாளி. சாவிதான் வேணும்."

"மொட்டமாடில ஒரு பொம்பள கையத் திறந்துபோட்டு இருந்தா நாலுபேரு என்ன சொல்லுவான்? பாத்திரக்கடைக்காரன் மேல நின்னா எல்லாம் தெரியும். அதுபோக, வெயில் உனக்கு ஆகாதுன்னுதானே உன் புருஷன் கொடை பிடிச்சுக்கிட்டு வருவாரு? ஊருக்கே தெரியுமே. இப்ப வெயிலுதான் மருந்துன்னா நான் எத நம்புறது?" ஒரு சேலையின் மடிப்பை நீவிக்கொண்டே முடித்தார்: "ஒருத்திக்குத் திறந்துவிட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாளுக. ஓணம் வரைக்கும் ஒழுங்கா இரு தாயி."

எலும்பை உருக்கிய தப்பு இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றது. அன்று முழுதும் சேலை மடிப்பு அவளுக்குத் தப்பித் தப்பிப் போனது. பயம்தான். ஓணம் முடிந்தால் இந்த மேடை இல்லை, சந்துவீட்டின் இருட்டில் குடல் நோயோடு தனியாகக் கிடக்க வேண்டும். அந்தப் பயம் பொழுது சாய்வதற்குள் புளித்துக் கோபமாக மாறியது. எனக்குச் சீக்கு வயிற்றில், கையிலா இருக்கிறது? கைதானே இத்தனை வருஷமாக உன் சரக்கை விற்றது?

மறுநாள் ஓணத்துக்கு முந்திய சனிக்கிழமை. கடையில் எள் விழ இடமில்லை. வித்துராவிலிருந்து ஜெபமலர் என்ற அம்மாள் மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க மணப்பெண், சித்தி, மதினி, மாமி என்று பெரிய படையோடு வந்திருந்தாள். பொன்முடி போகிற வழியில் எஸ்டேட் கிளார்க்கின் வீட்டுக்காரி. காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தவர்கள். முத்தாரம்மாள் செருப்பு கழற்றியதைப் பார்த்ததுமே இது வாங்கிப்போகிற கூட்டம் என்று கணித்துவிட்டாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று விரித்துப் போட்டாள். ஒதுக்கி வைத்த குவியல் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. நயினார் கல்லாவிலிருந்தே அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது வயிறு முறுக்கியது. சாதாரண முறுக்கு இல்லை, நேரம் கொடுக்காத முறுக்கு.

வன்னியபெருமாள் இரண்டடி தள்ளி நின்றார். "அண்ணாச்சி, பார்டர் பாக்கணும்," என்றாள்.

"காலைல போனியேம்மா. இனி மத்தியானம்."

"இல்ல, இப்ப."

"முதலாளி நேத்து சொன்னது காதுல ஏறலியா? வந்தவங்கள மொதல்ல கவனி."

அனுஷா அங்கிருந்து கண்ணால் வேண்டாம் என்றாள். முத்தாரம்மாள் ஒதுக்கி வைத்த சேலைகளைப் பார்த்தாள், கல்லாவைப் பார்த்தாள், எதிரில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். எப்படியும் ஓணத்தோடு சீட்டுக் கிழியப்போகிறது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

"அண்ணாச்சி," என்றாள், சந்தையில் கூப்பிடுகிற குரலில். "நான் கக்கூஸுக்குப் போணும்."

கடை அப்படியே நின்றது. விரித்த துணி விரித்தபடி, நீட்டிய கை நீட்டியபடி. எத்தனையோ காலமாக அந்தக் குழல்விளக்குகளுக்குக் கீழே யாரும் உச்சரிக்காத சொல்.

"ஏ, என்ன பேசுதே? ஆளுக இருக்காங்க..."

"ஆளுகளுக்கும் வயிறு இருக்கு அண்ணாச்சி. எனக்குக் குடல்ல புண்ணு, ரத்தம் போவுது. கேட்டவுடனே போணும்னு டாக்டர் சொல்லியாச்சு. இந்தக் கடையில பார்டர்னா கக்கூஸுதான், எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இப்ப சாவி வரலைன்னா, இந்த விரிப்பு வெள்ளையா இருக்காது. மேல கெடக்குற பட்டுக்கும் நான் பொறுப்பில்ல."

வன்னியபெருமாளின் கை சட்டைப்பைக்குள் போன வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கண்டதில்லை. சாவி பறந்து வந்தது. அனுஷா ஓடிவந்து அடிப்படி வரை கைகொடுக்க, முத்தாரம்மாள் முழங்காலை அழுத்தி அழுத்திப் படியேறினாள். நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வெளியே வந்து கையைக் கழுவினாள். உடனே கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. மொட்டைமாடியில் ஆவணி வெயில் பொரிந்துகொண்டிருந்தது. கவிழ்த்துப்போட்ட ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, முழுக்கை ரவிக்கையின் கைப்பொத்தானை அவிழ்த்துத் தோள்வரை சுருட்டிவிட்டாள். வருஷக்கணக்காக வெயில் காணாத கை சோற்றைப்போல வெளுத்துக் கிடந்தது. முதலில் சுரீர் என்றது, பிறகு இதமாக ஏறியது. பாத்திரக்கடை மாடியிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். "என்ன பாக்கே? மருந்து திங்கேன்," என்றாள். அவன் தலையை இழுத்துக்கொண்டான்.

வெயில் அவள் நோயைத் தீர்த்துவிட்டது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பொய். குடல் புண் அதன் பிறகும் அவளை விடவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்கிற கணக்கில் ரத்தம் திரும்பத் திரும்ப வந்தது, ஆஸ்பத்திரியில் படுத்தாள், முகத்தை வீங்கவைக்கிற மாத்திரையும் தின்றாள். எலும்பு மட்டும் பொடியாலும் வெயிலாலும் சாளையாலும் மெல்ல மெல்லத் தேறியது. அடுத்த ஓணத்துக்குள் அவள் தாரா நடையை விட்டு மனுஷி நடை நடந்தாள். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கீழே போனால் வேலை இருக்காது. சரி, போனால் போகட்டும், அரைமணி முடிந்த பிறகு இறங்குவோம் என்று உட்கார்ந்தே இருந்தாள்.

அந்த நேரத்தில் கீழே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஜெபமலர் வன்னியபெருமாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, மேல பாத்ரூம் இருக்குன்னு முன்னாலயே சொல்லக்கூடாதா? சாலைக்கு வந்தா போக ஓர் எடம் இல்லேன்னு நாங்க காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. எனக்குச் சுகர் உண்டு. ஆம்பளைங்க மதில் கண்ட எடத்துல நிப்பாங்க, நாங்க வித்துரா போய்ச் சேருற வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இருக்கணுமா?" மணப்பெண்ணும் சித்தியும் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒதுக்கி வைத்த சேலைக்கு இன்னும் பில் போடவில்லை. கல்லாவில் இருந்த நயினார் இரண்டையும் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

முத்தாரம்மாள் படியிறங்கி வரும்போது அவர் அடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவள் ரவிக்கைக் கை இன்னும் சுருட்டியபடியே இருந்தது, வெயில் பட்ட கை சிவந்திருந்தது. இதோ வருகிறது என்று நினைத்தாள்.

நயினார் குரலைத் தாழ்த்தினார். "சாவிய நீயே வச்சுக்கோ."

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"ஓணத்துக்கப்புறமும் இரு. உனக்கு வேணும்போது போ, வெயிலு காயணும்னா காஞ்சுக்கோ. ஆனா உனக்கு மட்டும்தான். மத்தவளுகளுக்குத் தெரியாண்டாம். நாலுபேரு கேட்டா சீக்காளின்னு எரக்கப்பட்டுக் கொடுத்தேன்னு இருக்கட்டும்."

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. மேடை, வேலை, சாவி, வெயில் எல்லாம். வாயை மூடிக்கொண்டு சாவியை முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி. முத்தாரம்மாள் நினைத்துப் பார்க்காமல் இல்லை. நோயாளிக்கு அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நயினாரின் தோளுக்கு மேலே அனுஷா தெரிந்தாள். அவளும் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டாள். போன மாதம் மூத்திரக்கடுப்பு வந்து, காய்ச்சலோடு நின்றுகொண்டே துணி காட்டியவள்.

"அனுஷா," என்று கூப்பிட்டாள். "இந்தா சாவி. நீ போயிட்டு வா மக்களே. பொறவு இந்த வித்துராக்காரங்க போகட்டும்."

அனுஷா முதலாளியைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள். பிறகு வந்து வாங்கிக்கொண்டாள்.

"முத்தாரம்மா," என்றார் நயினார், குரல் ஏறியது. "அது அவ கைக்குப் போனா பொறவு என் கைக்குத் திரும்பாது, பாத்துக்கோ."

"திரும்பண்டாம் முதலாளி. அதுக்குத்தான் குடுத்தேன்."

ஜெபமலர் அதற்குள் படிக்குக் கீழே வந்து நின்றுவிட்டாள், பின்னால் மணப்பெண்ணும் சித்தியும் மதினியும். அவர்களுக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமலே, கடைப்பெண்கள் இரண்டுபேர். குறுகிய படி. நடுவில் நிற்கிறவர் நகர்ந்தால்தான் யாரும் ஏறலாம். நயினார் கூட்டத்தைப் பார்த்தார், பில் போடாத குவியலைப் பார்த்தார், கடைசியில் சுவரோரம் ஒதுங்கினார். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறிப் போனார்கள்.

முத்தாரம்மாள் மேடைக்கு வந்தாள். மயில்கழுத்துச் சேலை பாதி விரித்தபடியே கிடந்தது, மணப்பெண்ணின் மாமி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடை முழங்கால் உயரம்தான், ஆனால் அன்றைக்கு அவளால் அதில் தானாக ஏற முடியாது. அனுஷாவும் மேலே போய்விட்டாள். சுற்றிலும் பார்த்தாள். தூணோரம் ஒரு முக்காலி கிடந்தது, பக்கத்தில் நயினார் நின்றார்.

"முதலாளி, அந்த முக்காலிய இங்க கொஞ்சம் நகத்திப் போடுங்க," என்றாள். "இவங்களுக்குச் சேலை காட்டணும்."

நயினார் நகர்த்திப் போட்டார்.